பால்காரன் மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை

என் பாலில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலந்தவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்கா டவுன் காஜா பெராங்கில் அந்தக் காலத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றிய தமிழர்கள் நாலைந்து பேர் இருந்தோம். மற்றவர்கள் கலந்தார்களா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை. நான் கலக்கவில்லை. எந்த வீட்டிலாவது செம்பைச் சாய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் போதும், மறுநாள் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். அப்புறம் என் மனைவி நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவாள், நாலாம் நாள் போய் ஊற்றுவேன். என் கோபத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். ஆனாலும் ஊரில் எனக்குக் கோபக்காரன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

என் அப்பா குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. இரண்டு கன்றுகளை வாங்கி வளர்த்து டவுனுக்கு ஓட்டி வந்து, காஜா பெராங்கில் ஒரு கொட்டகை போட்டேன். ஜப்பான்காரன் வந்தபோது என்னிடம் மூன்று கறவை மாடுகள் இருந்தன. செவலை, கறுப்பி, மயிலை. அவன் வந்த மறு வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். தலைப்பிள்ளை.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது என் மனைவிக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை. பதினைந்து நாள் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்து எழுந்தபோது அவளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. அவள் அழுதாள். நான் அழவில்லை, சிரித்தேன். "ஏம்மா, மூணு மாட்ட கட்டி வச்சிருக்கேன், இதுக்குப் போயி அழறியே" என்றேன். டின் பால் கண்ணில் படாத காலம் அது. பணக்காரச் சீனர் வீட்டுப் பிள்ளைகளே கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன. என் பிள்ளைக்கு என்ன குறை என்று எனக்குள் ஒரே பெருமை.

கைக்குழந்தைக்கு என்றால் ஒற்றை மாட்டுப் பால்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மாட்டுப் பாலைக் கலந்து கொடுத்தால் பிள்ளை வயிறு தாங்காது என்பது பால்காரர்கள் எல்லோரும் நம்பிய விஷயம். குழந்தை இருக்கும் வீடுகளுக்கு நாங்கள் தனிச் செம்பில்தான் கறந்து கொண்டுபோவோம். என் மகளுக்கும் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு வாங்கி, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி வைத்தேன். கொட்டகையில் முதல் கறவை அந்தச் செம்புக்கு. அது நிறைந்த பிறகுதான் ஊருக்கு.

முதலில் செவலைப் பால் கொடுத்தோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் தண்ணீராக, பிறகு சளிசளியாக, ஒருநாள் துணியில் நூல்போல் ரத்தம். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுவாள். பின்புறம் புண்ணாகிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் துணி, பன்னிரண்டு துணி. சோப்பு இல்லாத காலத்தில் சாம்பல் போட்டுத் துவைத்து என் மனைவியின் விரல்களெல்லாம் வெடித்துவிட்டன.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. எனக்கு எப்போதும் உடனே தெரிந்துவிடும். பிண்ணாக்கு கிடைக்காததால் செவலைக்கு மரவள்ளித் தோலைப் போட்டிருந்தேன். தீனிதான் பாலைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டி, கறுப்பிக்கு மாற்றினேன். வயல் ஓரத்துப் புல்லைத் தவிர வேறெதையும் அவள் வாயில் வைக்க விடவில்லை. ஐந்தாறு நாளில் பழைய கதை. சரி, கறுப்பி கன்று ஈன்று வெகுநாளாகிவிட்டது, பால் கனத்துப்போயிருக்கும் என்று மயிலைக்கு மாற்றினேன்.

இதில் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மாட்டை விட்டு இன்னொரு மாட்டுக்குப் போகுமுன் பிள்ளையின் வயிறு ஓயட்டும் என்று இரண்டு நாள் வெறும் கஞ்சித் தண்ணீர் கொடுப்போம். அந்த இரண்டு நாளும் அவள் தெளிந்துவிடுவாள், சிரிப்பாள், தூங்குவாள். மூன்றாம் நாள் காலையில் புது மாட்டுப் பால் போகும். அன்று மாலை நான், "பாத்தியா, இந்த மாடு புடிச்சிருச்சு" என்பேன். கஞ்சி செய்த நல்லதை எல்லாம் மாட்டின் பெயரில் சேர்த்துவிடுவேன். கண் முன்னாலேயே விடை இருந்தது. பால்காரன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனோம். மருந்து ஒன்றுமில்லை என்று டிரஸ்ஸர் கையை விரித்தார். பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதி தண்ணி விட்டுக் குடுத்துப் பாருப்பா" என்றார். பால்காரனைப் பார்த்துத் தண்ணீர் கலக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படியே எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது என்னவென்று கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கத்து வேலிக்கு அந்தப் புறம் ஒரு செட்டிக் குடும்பம். மலாக்காச் செட்டிகளுக்கும் நம் சாமிதான், நம் பண்டிகைதான். பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு மருமகளுக்கும் ஒரு கைக்குழந்தை, எங்கள் பிள்ளையைவிட ஒரு மாதம் மூத்தது. என் மனைவி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மயிலைப் பால் ஆரம்பித்த வாரம் அந்த அம்மாள் வந்து பிள்ளையைப் பார்த்தாள். கண் உள்ளே போய், தொடைத் தோல் தொங்கிக்கொண்டு, எலும்பை எண்ணலாம் போல் கிடந்தாள் என் மகள். அந்த அம்மாள் பிள்ளையின் வயிற்றைத் தடவினாள். பிறகு, "ஜாங்ஙான் காசி சூசு லெம்பு" என்றாள். மாட்டுப் பால் கொடுக்காதே என்று அர்த்தம். தன் அக்காள் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்ததாம், பாலை நிறுத்தினதும் பிழைத்ததாம்.

எனக்கு வந்ததே கோபம். பாலைப் பற்றி எனக்குத் தெரியுமா உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த அம்மாள் போய்விட்டாள். என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் தூளியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மனைவி வாதாடினால் பயமில்லை. பேசாமல் நின்றால்தான் பயப்பட வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பிள்ளை தேறினாள்.

தினமும் விடியற்காலையில் மயிலையை முதலில் கறந்து சிவப்புக் கயிற்றுச் செம்பை நிறைத்து அடுப்பங்கரை வாசலில் வைப்பேன். என் மனைவி எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். நான் ஊர் சுற்றிவிட்டு வரும்போது செம்பு கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். வயிற்றுப்போக்கு நின்றது. புண் ஆறியது. இரண்டு மாதத்தில் கன்னம் வந்தது, தொடையில் மடிப்பு விழுந்தது. தூளியைக் கடந்துபோனால் "ஊ" என்று என்னைக் கூப்பிடுவாள்.

நான் சும்மா இருப்பேனா? சைக்கிள் டயருக்கு வழியில்லாமல் ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அது கடகடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு மேலே நான் மயிலையின் புகழைப் பாடிக்கொண்டு போனேன். ஹீரன் தெருச் சீனத் தவுக்கே முதலாளி வீட்டில் சொன்னேன். உஜோங் பாசிரில் போர்த்துகீசியக் கிழவியிடம் சொன்னேன். கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், மறைப்பானேன். செத்துப் பிழைத்த பிள்ளை, மயிலைப் பால்தான் காப்பாற்றியது என்றேன். மயிலைப் பாலே வேண்டும் என்று நாலு வீட்டில் கேட்டார்கள். புக்கிட் காத்தில் ஊருக்குப் போகும் வழியில், ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணியின் வீடு. அங்கேயும் ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கும் மயிலைப் பாலையே தனிச் செம்பில் ஊற்றினேன்.

வீட்டில் ஒரு குறைதான் எனக்கு. ரேஷன் அரிசி வந்தாலும் என் தட்டில் மரவள்ளிக்கிழங்குதான் விழுந்தது. "அரிசி எங்கடி?" என்றால், "இந்தத் தடவ கம்மியா போட்டாங்க" என்பாள். நான் ஜப்பான்காரனைத் திட்டிக்கொண்டே கிழங்கைத் தின்பேன். அவளும் அதையேதான் தின்றாள்.

பிள்ளைக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. தினமும் ஒரு பங்களாவில் ஜப்பான் அதிகாரிகளின் சமையல்கட்டுக்குப் பாதிப் பாலை ஊற்ற வேண்டும், அது கட்டளை. ஒருநாள் போனால் பங்களா காலி. எல்லோரும் லாரி ஏறி வேறெங்கோ போய்விட்டார்களாம். தேடி வந்த அதிர்ஷ்டம் என்று பால் கேனோடு திரும்பி வந்தேன். என் மனைவி அரிசி வரிசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பானையில கஞ்சி வடிச்சு வச்சிருக்கேன். எழுந்தா அதக் குடுங்க. ரொம்ப அழுதா பின்னால அக்காவக் கூப்பிடுங்க."

அந்த அக்காவை நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? கேன் நிறையப் பால் இருக்கும்போது பிள்ளைக்குக் கஞ்சி எதற்கு? அவள் தெரு முனையைத் தாண்டினதும் மயிலைப் பாலைக் காய்ச்சி ஆற்றினேன். பிள்ளை எழுந்ததும் மடியில் போட்டுச் சங்கால் புகட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துப்பினாள். அப்பா கை பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பாட்டுப் பாடி, கொஞ்சி, முழுச் சங்கையும் மூன்று தடவை உள்ளே இறக்கினேன். என் பிள்ளைக்கு என் மாட்டுப் பாலை என் கையால் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உலை கொதிக்கிற நேரம்கூட இல்லை. வாயைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்தது. குடித்த பால் எல்லாம் தயிர்போல் வெளியே வந்தது. பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. மூன்றாவது துணியில் ரத்தம். அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள். கை கால் துவண்டு, கண் பாதி மூடிக்கொண்டது. எனக்கு அந்த அழுகை திரும்ப வந்தால் போதும் என்று இருந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினேன். வர வேண்டாம் என்று நான் விரட்டிய வீட்டுக்குத்தான் ஓடினேன்.

அந்த அம்மாள் வாசலுக்கே ஓடி வந்தாள். பிள்ளையை வாங்கி வாயருகே மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்து, "சூசு?" என்றாள், பாலா என்று. தலையாட்டினேன். ஒரு துணியில் தண்ணீர் நனைத்துப் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். என் மகள் கண்ணைத் திறக்காமலே ஒரு கையைத் தூக்கி அந்த அம்மாளின் கெபாயாச் சட்டையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டாள். அது இன்றைக்குப் பற்றின பற்று இல்லை. வெகுநாள் பழகின கை அது. அப்போதுதான் எனக்கு மெல்ல உறைத்தது.

என் மனைவி அரிசி முடிச்சோடு வந்து அந்த வீட்டு வாசலில் நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"குடுத்துட்டீங்களா?"

"ஒரு சங்கு... மூணு சங்கு."

முடிச்சைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. நான் அந்த அம்மாளை விரட்டிய மறுநாளே பிள்ளையை வேலி வழியாகக் கொடுத்தாளாம். நான் பாலுக்குக் கிளம்பினதும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை. மற்ற நேரத்துக்குக் கஞ்சி. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் கஞ்சியோடு வாழைப்பழம், மசித்த மீன். எங்கள் அரிசியெல்லாம் அந்தச் சின்னப் பானைக்குள்ளேதான் போனது. இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரு சொட்டு மாட்டுப் பால் என் பிள்ளையின் வாய்க்குப் போகவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"அக்கா சொன்னப்போ என்ன செஞ்சீங்க?"

நான் அரிசி முடிச்சை எடுக்கக் குனிந்தேன்.

"இனிமே என் புள்ளைக்கு உங்க கையால ஒண்ணும் குடுக்காதீங்க" என்றாள்.

நாலு நாள் இழுத்துக்கொண்டிருந்தது. நான் மாட்டைக் கறந்து ஊற்றிவிட்டு ஓடி வந்துவிடுவேன். இளநீர் பறித்துக் கொடுத்தேன், வெட்டி வைப்பதோடு சரி, புகட்டுவது அவள்தான். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் அந்த அம்மாளின் பாலும் மாறி மாறி உள்ளே போயின. செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் கிணற்றடியில் உட்கார்ந்து பிள்ளைத் துணிகளைத் துவைத்தேன். மீசை வைத்த ஆம்பிளை மலத்துணி கசக்குவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு துணியையும் விரித்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஐந்தாம் நாள் காலையில் விரித்த துணியில் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிள்ளை மறுபடி "ஊ" என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு, ஒரு சந்தேகம் என்னைக் குடைந்தது. மெதுவாகக் கேட்டேன்.

"தெனமும் நான் வச்ச பாலு என்ன ஆச்சு?"

"அந்த வீட்டுக்குக் குடுத்தேன். சும்மாவா புள்ளைக்குப் பால் குடுக்கச் சொல்றது?"

எனக்குள் ஒரு வெளிச்சம். "அப்போ அந்தம்மா என் மயிலைப் பாலக் குடிச்சு, அதுதான நம்ம புள்ளைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

என் மனைவி அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "அக்காவுக்குப் பால் வாடையே ஆகாது. அது அவங்க மாமியாரோட சோளக் காப்பிக்குப் போச்சு."

இன்னொன்று பாக்கி இருந்தது. மறுநாள் கிராணி வீட்டுக்குச் சைக்கிளை விட்டேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் வயிற்றால் போய்க்கொண்டுதான் இருந்தது. என் பேச்சை நம்பித்தான் அவர்கள் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஐயா, பாலை நிறுத்திப் பாருங்க, கஞ்சி குடுங்க" என்றேன். வேறு யாருக்கோ விற்கப் பார்க்கிறாயா என்று கேட்டார் அவர். நான் சொன்னதெல்லாம் பொய், என் பிள்ளையை மயிலைப் பால் காப்பாற்றவில்லை, கொல்லப் பார்த்தது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊத்த மாட்டேன்னா ஊத்த மாட்டேன்" என்று கத்திவிட்டு வந்தேன். நாலாம் நாள் வழக்கம்போல் சமாதானமாகிப் போய் ஊற்றவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த மனுஷர் எங்கள் வீடு தேடி வந்தார். பிள்ளை தேவலையாம், ராத்திரி தூங்குகிறதாம். "பெரியவங்களுக்கு மட்டும் பால் ஊத்துப்பா" என்றார்.

அதே மயிலைப் பாலைக் குடித்து உஜோங் பாசிரில் ஒரு பையன் தொப்பையும் தொந்தியுமாக வளர்ந்தான். பாலில் குற்றமில்லை, நான் தண்ணீரும் கலக்கவில்லை. சில பிள்ளைகளின் வயிறு ஏற்காது, அவ்வளவுதான். பிற்காலத்தில் படித்த டாக்டர்கள் அதற்குக் காரணம் சொன்னார்கள். எனக்கு அந்தச் செட்டி வீட்டு அம்மாள் சொன்னதே போதுமாக இருந்தது. சிவப்புக் கயிற்றுச் செம்பை அன்று முதல் நானே வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், அவளுடைய மாமியாரின் கையில் கொடுத்தேன். அந்தக் கிழவி காப்பி கனமாக இல்லை என்று ஒருநாள் குறை சொன்னபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை.

என் மனைவி சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவள் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவேன், தோளில் வைத்துக்கொண்டு மாட்டைக் காட்டுவேன், குளிப்பாட்டுவேன். வாயில் மட்டும் ஒன்றும் வைக்க மாட்டேன். வாழைப்பழத்தை உரித்துத் தட்டில் வைப்பேன், அவளாக எடுத்துத் தின்பாள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமாகத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். மகளுக்கு மூன்று வயது. ஒருநாள் காலையில் மயிலையைக் கறந்து வாளியை வைத்துவிட்டுக் கன்றை அவிழ்க்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாள். நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து தாடை வரைக்கும் நுரை. எவ்வளவு குடித்தாள் என்று தெரியவில்லை. என் மனைவியைக் கூப்பிட்ட குரல் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டு அந்த அம்மாளும் வந்துவிட்டாள்.

அன்று நான் ஊருக்குப் பால் கொண்டுபோகவில்லை. மூன்று பேரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாயைச் சுற்றித் தடிக்கவில்லை. கோழியைத் துரத்தினாள். மண்ணைக் குழைத்து வடை சுட்டு எங்கள் மூன்று பேருக்கும் கொடுத்தாள். மத்தியானம் சோறு தின்றாள், தூங்கினாள், எழுந்தாள். பொழுது சாயும்வரை ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் அவளைத் தூக்கி வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "சுடா பைக்" என்றாள், சரியாகிவிட்டது என்று.

மறுநாள் விடிந்ததும் மகள் கொட்டகைக்கு வந்து, "அப்பா, பாலு" என்று கையை நீட்டினாள். நான் மயிலையை ஒரு டம்ளரில் கறந்து, காய்ச்சி ஆற்றி, அடுப்படிக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் நீட்டினேன்.

"நீயே குடும்மா" என்றேன்.

என் மனைவி டம்ளரை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். அவளும் மறந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நீங்களே குடுங்க" என்றாள்.

மகளை மடியில் உட்கார வைத்து, டம்ளரை அவள் உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.